அறிவியல் மாநாடு நடத்துவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை

மாநாட்டு ஏற்பாட்டுக் குழுக்கள் பெரும்பாலும் மண்டபம் கிடைக்கும் தேதியிலிருந்தே திட்டமிடத் தொடங்குகின்றன. ஆனால், எவ்வளவு கரிம உமிழ்வு ஏற்படும், யாரால் வர முடியும் என்ற இரண்டையும் முதலில் தீர்மானிப்பது ஊர்தான். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 2019 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய கூட்டத்திற்குச் சுமார் 28,000 பேர் வந்து சென்றதில் ஏறத்தாழ 80,000 டன் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு, அதாவது தலைக்குச் சுமார் 3 டன், உண்டானதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அதில் பெரும்பகுதி கண்டம் விட்டுக் கண்டம் பறந்தவர்களால் வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலை ஒழித்துத் துணிப்பை கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதையே பசுமை மாநாட்டுக்குச் சான்றாக அறிக்கையில் எழுதிக்கொள்வது சற்று மிகை.

எனவே, முந்தைய மாநாடுகளுக்கு வந்தவர்களின் ஊர்ப் பட்டியலை எடுத்து, எந்த நகரில் கூடினால் மொத்தப் பயணத் தொலைவு குறையும் என்று பாருங்கள். வர முடியாமல் போனவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள் என்பதால், கட்டுரை ஏற்கப்பட்டும் வராதவர்களிடம் காரணத்தைத் தனியே கேட்டறியுங்கள். 2022இல் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டுக்கு, அந்நோயால் மிகவும் பாதிக்கப்பட்ட ஆப்பிரிக்காவிலிருந்தே பலர் விசா கிடைக்காமல் வர இயலவில்லை. கணினிகளைத் தரவுகளிலிருந்து கற்கவைக்கும் இயந்திரக் கற்றல் துறையின் ஐ.சி.எல்.ஆர். மாநாடு 2023இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் கிகாலியில் கூடியது போல, இடத்தை மாற்றுவது ஒரு வழி. இரண்டு மூன்று நகரங்களில் ஒரே நேரத்தில் கூடி, பொது அமர்வுகளை மட்டும் இணையவழியில் இணைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழி உமிழ்வையும் குறைக்கும் என்பதால் அதையே முதலில் பரிசீலிக்கலாம். நேர வேறுபாடு அதிகமாக இருந்தால், ஒரே நகரத்தார் நாள்தோறும் நள்ளிரவில் விழித்திருக்க நேராதபடி அமர்வுகளைச் சுழற்சி முறையில் வையுங்கள்.

ஆய்வு மாணவர்களுக்கான பயணப்படியை முன்பணமாகவே கொடுத்துவிடுங்கள். ரசீதுகளை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் முறையில், கடன் வாங்க வழியுள்ள மாணவர்கள் மட்டுமே வர முடிகிறது. குழந்தையோடு வருபவர்களுக்கு ஓர் அறையும், சக்கர நாற்காலியில் வருபவர் மேடையேறச் சாய்தளமும் இருப்பதை அழைப்பிதழிலேயே தெரிவியுங்கள்.

அமர்வுக்குள் கவனிக்க வேண்டியது கேள்வி நேரம். 10 நாடுகளில் ஏறத்தாழ 250 கருத்தரங்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, பேச்சாளரிடம் கேள்வி கேட்கும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைவு. முதல் கேள்வியை ஆண் கேட்ட அமர்வுகளில் பெண்களின் பங்கு மேலும் சுருங்கியது. ஆகவே, உரை முடிந்ததும் ஒரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, முதல் கேள்வியை இளம் ஆய்வாளர் ஒருவரிடமிருந்து, இயன்றால் ஒரு பெண்ணிடமிருந்து, பெறுமாறு அமர்வுத் தலைவருக்கு எழுத்திலேயே சொல்லிவையுங்கள். "கேள்வி அல்ல, ஒரு கருத்து" என்று தொடங்கும் மூத்தவரின் கைக்கு மைக் கடைசியாகப் போகட்டும்.