வெட்டுக்காயத்துக்குப் பச்சிலை பிழியும் முன்...

அரிவாள் கீறினால் கிணற்றடிப் பூண்டைக் கசக்கிப் பிழிவது கிராமங்களில் பழைய வழக்கம். எலிகளில் நடந்த ஆய்வுகளில் அதன் சாறு காயம் ஆற உதவியிருக்கிறது. மனிதர்களிடம் போதிய சோதனை இல்லை. எனக்குக் கவலை இலையைவிட அதில் ஒட்டியிருக்கும் மண்தான். டெட்டனஸ் கிருமி மண்ணில்தான் அதிகம். அதனால் முதலில் சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள், அப்புறம் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

லேசான தீக்காயத்துக்குத் தேன் உதவும் என்பதற்கு மனித ஆய்வுகளே உண்டு. அதுவும் காயத்துக்கென்றே கிருமிகளை நீக்கி விற்கும் தேனாக இருந்தால் நல்லது. சமையல் மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம், அதில் ஈயக் கலப்படம்கூடப் பிடிபட்டிருக்கிறது.

மண் பட்ட காயமா? கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.