சொட்டை விழுந்த புல்தரையைச் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுப் புல்தரையில் ஆங்காங்கே மண் தெரியத் தொடங்கியதும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், நர்சரிக்குப் போய்ப் புதிய புல் வாங்கி வந்து அந்த இடத்தில் பதிப்பதுதான். சில மாதங்களில் அதே இடம் மறுபடியும் சொட்டையாகிவிடும். புல் பட்டுப்போனதற்கான காரணம் மண்ணிலோ, நிழலிலோ, பாய்ச்சும் நீரிலோ, வேரைத் தின்னும் புழுவிலோ இருக்க, அதைக் கண்டறியாமல் புல்லை மட்டும் மாற்றுவதையே நான் தவறுகளில் முதலாவதாகச் சொல்வேன்.

ஆகவே புல் வாங்கப் புறப்படுவதற்கு முன், சொட்டையான இடத்தில் அரை அடி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். நகரத்துப் புது வீடுகள் பலவற்றில் கட்டட வேலை முடிந்தபின் மிஞ்சிய ஜல்லி, செங்கல் துண்டுகள், காய்ந்த சிமெண்டுக் கட்டிகள் ஆகியவற்றை அப்படியே நிரவி, மேலே இரண்டு மூன்று அங்குலம் செம்மண் பரப்பிப் புல் பதித்துவிடுகிறார்கள். முதல் மழைக்காலம் வரை புல் பச்சைப்பசேலென்று இருக்கும். சித்திரை வெயில் வந்ததும் கற்குவியலுக்கு மேலிருக்கும் மெல்லிய மண் சீக்கிரம் சூடேறிக் காய்ந்துபோவதால், வேர் கீழே இறங்க வழியின்றிப் புல் கருகிவிடும். சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் புல்லால் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் இலைகள் வெளிறி மஞ்சளாவதும் உண்டு. அங்கே கற்களை அள்ளி வெளியே போட்டு, குறைந்தது அரை அடிக்கு நல்ல மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

தோண்டும்போது வேறு தடயங்களும் கிடைக்கும். ஓரத்துப் புல்லைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் பாய் சுருட்டுவதுபோல் எழுந்து வந்து, அடியில் பழுப்புத் தலையுடன் வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள் தெரிந்தால், வேர்களைத் தின்றது அவைதான் என்று கொள்ளலாம். நடுவில் கருகிய வட்டமும் அதைச் சுற்றிக் கரும்பச்சை வளையமும் இருந்தால் அது பெரும்பாலும் நாயின் சிறுநீர் பட்ட இடம். நிறைய நீர் ஊற்றி உப்பை ஆழத்துக்கு இறக்கிய பிறகே அங்கே நட வேண்டும். ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போன தடமாக இருந்தாலோ, நான்கு கல் பலகைகளைப் பதித்து நடைபாதையாக்குவது எத்தனை முறை புல் நட்டாலும் கிடைக்காத பலனைத் தரும்.

புல்லின் இனத்தைப் பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. அருகம்புல் இனத்தைச் சேர்ந்த பெர்முடாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழல் விழும் மதிற்சுவர் ஓரத்தில் அது மெலிந்து நீண்டு, பிறகு மறைந்துபோகும். கொரியன் புல் அடர்த்தியானது, ஆனால் மிக மெதுவாகப் படர்வது. அதைச் சிறு சிறு துண்டுகளாக நட்டுவிட்டு இரண்டு மாதத்தில் மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது வீண். கொரியன் புல்தரையில் விழுந்த சொட்டைக்குப் பாளமாகவே வெட்டிப் பதிப்பது நல்லது. அப்படிப் பதிக்கும்போது பாளத்தின் மட்டம் சுற்றியுள்ள புல்லின் மட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். மேடாக இருந்தால் வெட்டும் இயந்திரம் அதைச் சீவிவிடும். பள்ளமாக இருந்தால் மழைநீர் தேங்கி வேர் அழுகும்.

இணையத்தில் அழகான படங்களோடு விற்கும் விதைப் பொட்டலங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் பல, ரை, ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூ முதலிய குளிர்நாட்டுப் புல்வகைகள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் அவை வளரலாம்; சமவெளியில் முளைத்தாலும் கோடையைத் தாண்டுவது அரிது. பெர்முடா விதை நம் வெப்பத்துக்கு ஏற்றது என்றாலும் மிகப் பொடியானது. அதைக் கால் அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. கிளறி இளக்காத மண்மீது வெறுமனே தூவினால் எறும்பும் குருவியும் எடுத்தது போக மிச்சம் காய்ந்துபோகும்.

மெலிந்த புல்தரையை அடர்த்தியாக்குவதாக எண்ணி லோடு லோடாகச் செம்மண்ணைக் கொட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. இரண்டு அங்குல மண் மேலே விழுந்தால் இருக்கிற புல்லும் வெளிச்சமின்றி மூச்சுத் திணறும். கூடவே அந்த மண்ணில் கோரைக் கிழங்கும் வந்து சேரும். கோரையின் கிழங்குகள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்திருப்பவை; கொத்தும்போது இணைப்பு அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைத்துவிடும். ஒரு முறை பரவிவிட்டால் ஆண்டுக்கணக்கில் விடாது. தேவையானது வேறு: கைமுள்ளை (முள்கரண்டி போன்ற தோட்டக் கருவி) மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு அரை அடிக்கு ஒரு குத்தாகக் குத்தி மண்ணை இளக்கி, சலித்த மக்கிய எருவும் ஆற்றுமணலும் கலந்து கால் அங்குலத்துக்கு மிகாமல் தூவி, துடைப்பத்தால் புல்லிடையே இறக்கிவிடுவது போதுமானது. நன்றாக மக்காத சாணத்தைப் போட்டால் களை விதைகளும் கறையானும் சேர்ந்தே வரும்.

நடும் காலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனி பிற்பகுதி முதல் புரட்டாசி வரை வெப்பமும் ஓரளவு மழையும் சேர்ந்திருப்பதால் புல் விரைந்து படரும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை புதிதாக நட்டதை அரித்துச் செல்லும்.

நீரில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. வேர் பிடித்துவிட்ட புல்லுக்கு நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மட்டத்திலேயே நின்றுவிடும். நான்கைந்து அங்குலம் நனையும்படி இடைவெளி விட்டுக் காலையில் பாய்ச்ச வேண்டும். புதிதாக நட்டதற்கோ முதல் பத்து நாள் மண் காயாதபடி பூவாளியால் அடிக்கடி தெளிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தொடர்ந்து புல்லுக்கு விடுபவர்களும் உண்டு. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்து வரும் கழிவில் உப்பு இன்னும் கூடுதல். மண்மீது வெண்பூச்சு படரத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு, நல்ல நீரால் மண்ணைக் கழுவிவிடுங்கள்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், கையளவாக அள்ளி வீசினால் விழுந்த இடமெல்லாம் எரிந்து புதிய சொட்டைகள் உண்டாகும். ஒரு சதுர மீட்டருக்கு 10 கிராம் போதும். இலையில் ஈரம் இல்லாதபோது தூவி உடனே நீர் பாய்ச்ச வேண்டும். புதிதாக நட்ட இடத்துக்கு வேர் பிடிக்கும் வரை, அதாவது மூன்று நான்கு வாரம், கொடுக்க வேண்டாம். வெட்டுவதிலும் அதே பொறுமை வேண்டும்: ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் தளர்ந்து மண் தெரியும். அளவோடு அடிக்கடி வெட்டினால் பக்கவாட்டில் கிளைத்து அடர்த்தி கூடும்.

மாமரத்தடியில் மட்டும் ஏன் எதைச் செய்தாலும் புல் நிற்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். மரத்தின் வேர்கள் நீரையும் சத்தையும் முந்திக்கொண்டு எடுக்க, அடர்ந்த நிழல் வெயிலை மறைத்துவிடுகிறது. தாழ்ந்த கிளைகளைக் கழித்துப் பார்த்தும் மூன்று நான்கு மணி நேர வெயில் கிடைக்கவில்லையென்றால், அங்கே புல்லுக்குச் செலவிடுவதை நிறுத்திவிட்டு சிங்கோனியம் போன்ற நிழல் தாங்கும் செடியை நடுங்கள், அல்லது உதிரும் இலைகளையே மூடாக்காக விட்டுவிடுங்கள்.