பூஜ்யம் எந்த இடத்தில்? கண்ணாடி கழுவும் தூய நீரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் கண்ணாடி கழுவும் வேலை குவியும். அதை நம்பி ஒவ்வோர் ஆண்டும் சிலர் புதிதாக வேனும் கம்பமும் வாங்கி இறங்குகிறார்கள். குழாய்த் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டு, நீண்ட கம்பத்தின் நுனித் தூரிகை வழியாக அடித்துக் கழுவும் முறை இது; உப்பு இல்லாததால் துடைக்காமலே பொட்டு விழாமல் காயும். பழையவர்கள் எந்தப் பள்ளத்தில் விழுந்தார்களோ அதே பள்ளத்தில் இவர்களும் விழுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. மண்ணைப் பிடிக்கும் செடிமெண்ட் ஃபில்டரை மாற்ற மறப்பது, இணைப்பில் டேப் சுற்றாமல் ஒழுக விடுவது போன்றவை இரண்டாம் நாளே தாமாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, தெரியாமலே காசைத் தின்பவற்றை மட்டும் எழுதுகிறோம்.

ஒரே மீட்டர், ஒரே இடம்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரிச்சல் மூட்டுகிற தவறு இது.

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு சிறு கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டர். பக்கத்தில், கரைந்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் 25 லிட்டர் அடைத்த ஒற்றை சிலிண்டர். அதன் வாயில், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர். அங்கிருந்து 1,000 லிட்டர் கூண்டுத் தொட்டிக்கு ஒரு குழாய், தொட்டிக்குள் மிதவை வால்வு. மாலை ஆறு மணிக்கு மீட்டர் 000 காட்டுகிறது. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். தண்ணீர் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் தானாக ஏறிக்கொண்டிருக்கிறது.

இரண்டு மணி நேரம் கழித்து ரெசின் தீர்ந்துபோகிறது. பார்க்க ஆளில்லை. மீதி 300 லிட்டரும் சராசரி 60 பிபிஎம் (லிட்டருக்கு 60 மில்லிகிராம்) உப்போடு, ஏற்கெனவே இருந்த 700 லிட்டர் சுத்தத் தண்ணீரில் போய் விழுகிறது. மொத்தத் தொட்டியும் இப்போது 18 பிபிஎம். காலையில் அவசர அவசரமாக வேனை நிரப்பி, புக்கிட் தீமாவில் ஒரு கொண்டோவுக்குப் போய் மூன்று மாடி கழுவுகிறார்கள். ஈரமாக இருக்கும்வரை கண்ணாடி பளிங்குபோல் இருக்கும். மதிய வெயிலில் காய்ந்த பிறகு, கறுப்புச் சாயக் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொட்டு. நிர்வாக அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்போது ஆட்கள் அடுத்த இடத்தில் பாதி வேலையில் இருப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி, வேன் டீசல், மறுபடியும் 400 லிட்டர் தண்ணீர், இவை போக அந்த வாடிக்கையாளரின் நம்பிக்கை. அத்தனையும் ஒரு மீட்டரைக் கூடுதலாகப் பூட்டாததன் விலை.

மீட்டர் காட்டும் பூஜ்யம் அது இருக்கும் இடத்துக்கு மட்டும், அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். தூரிகையில் வரும் தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ரெசின் எவ்வளவு ஓடும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். கலப்பு ரெசின் ஒரு லிட்டர் ஏறத்தாழ 25 கிராம் உப்பைப் பிடிக்கும். 25 லிட்டருக்கு 625 கிராம். குழாய்த் தண்ணீர் 100 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 0.1 கிராம், ஆக 6,250 லிட்டர். 5,000 தொட்டதும் மாற்றத் தயாராகிவிட வேண்டும். முன்னால் ஆர்ஓ (மெம்பிரேன் என்ற நுண்சவ்வின் வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம்) வைத்து 5 பிபிஎம் ஆக்கி அனுப்பினால் அதே ரெசின் தாளில் 1,25,000 லிட்டர் ஓடும். கரைந்த கரியமில வாயு ஆர்ஓவைத் தாண்டிப் போய் ரெசினைத் தின்பதால் நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

அந்த 100 என்ற எண்ணையும் நிலையானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூர்க் குழாயில் வருவது நீர்த்தேக்கம், ஜொகூர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), கடல்நீரைச் சுத்திகரித்த நீர் என்று நான்கு மூலத்திலிருந்து வருகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம், சில சமயம் ஒரே வட்டாரத்தில் நாளுக்கு நாள் அளவு மாறும். வாரம் ஒருமுறை உள்ளே வரும் தண்ணீரையும் அளந்து சுவரில் எழுதுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சிலிண்டர் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு மீட்டர், இரண்டாவதற்குப் பிறகு ஒன்று. நடு மீட்டர் 5 காட்டினால் முதல் சிலிண்டரின் ரெசினை மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவந்து, புது ரெசின் போட்டதைப் பின்னுக்கு வையுங்கள். பலர் பழையதை முன்னாலேயே விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் மாற்றுகிறார்கள். தீர்ந்த ரெசின் சும்மா இருப்பதில்லை. பிடித்து வைத்ததைக் கக்கும், அந்தச் சுமையெல்லாம் புதிய ரெசினின் தலையில் விழும்.

கையில் பிடிக்கும் மீட்டரால் வேன் தொட்டியை நிரப்பிய பின் ஒருமுறை, தூரிகை நுனியில் ஒருமுறை அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, வழக்கமான எண் வருகிறதா என்று பாருங்கள். பழுதான மீட்டரும் 000 காட்டும். மாதம் ஒருமுறை 342 பிபிஎம் உப்புக் கரைசலில் சரிபாருங்கள்.

மீட்டருக்கு எட்டாதது ஒன்றும் உண்டு. அது மின்கடத்தலைத்தான் அளக்கிறது. தண்ணீரில் கரைந்த சிலிக்கா பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாதது, அதனால் மீட்டரில் பதியாது. ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வருவதும் அதுதான். ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டைக் கிடங்கில் வைத்திருங்கள். தூரிகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் காயவைத்து, சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுபோகாதீர்கள்.

ஆர்ஓ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஓட்டை. இயந்திரம் நின்றிருக்கும்போது மெம்பிரேனின் அந்தப் பக்கத்து உப்பு மெல்ல இந்தப் பக்கம் வந்துவிடும். மறுபடி ஓடத் தொடங்கும் முதல் ஓரிரு நிமிடம் அந்த உப்புத் தண்ணீர்தான் வரும். சாதாரண மிதவை வால்வு பத்து லிட்டர் குறைந்தாலே இயந்திரத்தை எழுப்பிவிடும். நாளெல்லாம் எழுப்பி நிறுத்தி, எழுப்பி நிறுத்தி, அந்த முதல் தண்ணீரையே ரெசினுக்கு ஊட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மிதவை ஸ்விட்ச் போடுங்கள். 300 லிட்டருக்குக் கீழே இறங்கினால் ஓடட்டும், 950 தொட்டால் நிற்கட்டும். மும்முனை வால்வு வைத்து முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைக் கழிவில் விடுங்கள்.

கெட்டுப்போன தொட்டியைக் கொட்ட வேண்டாம். 18 பிபிஎம்மில் 1,000 லிட்டர் என்றால் மொத்தம் 18 கிராம் உப்புதான். சிறு பம்ப் வைத்துப் புது ரெசின் வழியாக மறுபடி சுற்றினால் தண்ணீர் சுத்தமாகிவிடும். முதலில் கோணலான எண்ணைப் பார்க்க ஒரு மீட்டர் இருந்தால்தானே இதெல்லாம்.

குளோரின் இல்லை என்று நம்புவது

கார்பன் ஃபில்டருக்குப் பிறகு தண்ணீரைச் சோதனைத்தாளில் நனைக்கிறார்கள். பூஜ்யம். ஃபில்டர் வேலை செய்கிறது என்று நிம்மதி. அதே தாளை ஃபில்டருக்கு முன்னால் நனைத்துப் பார்த்தால் அங்கேயும் பூஜ்யமாகத்தான் இருக்கும். காரணம், பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் வைத்திருக்கிறது: குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. தனிக் குளோரினை அளக்கும் தாளுக்கு இது தெரியாது. மொத்தக் குளோரின் அளக்கும் தாளோ, டிபிடி 4 மாத்திரையோ வாங்குங்கள்.

சாதாரண கார்பன் குளோரினைச் சட்டென்று பிடித்துவிடும். குளோரமினுக்கு நேரம் வேண்டும். 20 அங்குலப் பெரிய ஃபில்டரில் சுமார் 4 லிட்டர் கார்பன் இருக்கும். நிமிடத்துக்கு 12 லிட்டர் அதன் வழியாகப் போனால், தண்ணீர் கார்பனோடு இருப்பது வெறும் 20 விநாடி. குளோரமினுக்கென்றே செய்த கேட்டலிட்டிக் கார்பனை, 40 லிட்டர் கொள்ளும் ஃபைபர் தொட்டியில் போட்டால் மூன்று நிமிடம் கிடைக்கும். கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும் என்றால், குளோரமினுக்கு எத்தனை லிட்டர், எந்த வேகத்தில் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

விட்டால் என்ன? குளோரமின் மெம்பிரேனை உடனே கொல்லாது. இரும்புத் துரு சேர்ந்தால் வேகமாக அரிக்கும். ஆனால் குளோரமின் சின்ன மூலக்கூறு, மெம்பிரேனை ஊடுருவி ரெசினுக்குப் போய்விடும். மீட்டரிலும் பதியாது.

ரிஜெக்ட் வால்வைத் திருகி மூடுவது

தண்ணீரை வீணாக்காதே என்று பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆர்ஓவின் கழிவுக்குழாயில் (ரிஜெக்ட்) பாதித் தண்ணீர் போவதைப் பார்த்தால் கை துறுதுறுக்கத்தான் செய்யும். நல்ல எண்ணம்தான், இடம்தான் தவறு. கழிவைக் குறைத்தால் உப்பு மெம்பிரேனுக்குள்ளேயே செறியும். பாதிக்குப் பாதி விட்டால் கடைசியில் இரண்டு மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் விட்டால் ஐந்து மடங்கு. வெளியே வரும் தண்ணீரின் உப்பும் ஏறும், மெம்பிரேன் மேல் சுண்ணாம்பும் படியும்.

ஒரு நாளைக்கு 300 லிட்டர் தூய நீர் எடுப்பவர் இப்படித் திருகினால் மிச்சமாவது 225 லிட்டர். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு கன மீட்டர் 3.24 வெள்ளி, ஆக மிச்சம் 73 காசு. தண்ணீர்மேல் அக்கறை இருந்தால் அந்தக் கழிவைப் பிடித்து வையுங்கள். அது சற்று உப்புக் கூடிய குழாய்த் தண்ணீர், அவ்வளவுதான். தரை கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற, வேனை முதல் அலசு அலச அருமையாக உதவும்.

இன்னொன்று: மெம்பிரேன் கையேட்டில் இருக்கும் அளவு 25 பாகைத் தண்ணீருக்கு. நம் குழாயில் 28, 30 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுதலாகத் தண்ணீர் வரும், உப்பும் கூடுதலாக நழுவும். குளிர்நாட்டு வீடியோவில் சொன்ன இடத்தில் வால்வை வைக்காதீர்கள். அளவுக் குவளையும் கைக்கடிகாரமும் எடுத்து, தூய நீரை ஒரு நிமிடம், கழிவை ஒரு நிமிடம் பிடித்து அளந்து வையுங்கள்.

அழுத்தம் போதவில்லை என்று பூஸ்டர் பம்பை நேரே மெயின் குழாயில் பூட்டுவதும் கூடாது. நடுவில் ஒரு திறந்த இடைத்தொட்டி வைத்து, அதிலிருந்து இழுங்கள். குழாய் வேலையை உரிமம் பெற்ற பிளம்பரிடம் விடுங்கள்.

தூய நீர் கெடாது என்ற நினைப்பு

குளோரமினை எடுத்த கணத்திலிருந்து அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை. வெள்ளைக் கூண்டுத் தொட்டியை வெயில் படும் இடத்தில் வைத்தால் இரண்டு வாரத்தில் உட்சுவர் பச்சையாகி வழவழக்கும். லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 பாகைவரை பெருகும். நம் ஊரில் தொட்டித் தண்ணீர் ஆண்டு முழுக்க அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. தூரிகை தெளிக்கும் நுண்திவலையைச் சுவாசிப்பது நம் ஆட்கள்தான். தொட்டியைக் கறுப்பு உறையால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தீரும் அளவுக்கு மட்டும் சேமியுங்கள்.

மாதம் ஒருமுறை கழுவுங்கள். 300 லிட்டர் தொட்டிக்கு 5 விழுக்காடு பிளீச் 300 மில்லி. கம்பக்குழாய் வழியாகவும் ஓடவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் ரெசினையோ மெம்பிரேனையோ தொடவே கூடாது. பிறகு கழிவறைக் குழாயில் வடித்துவிடுங்கள். சாலையோர வடிகாலில் விட்டால் அது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போகும். இரண்டு முறை அலசி, மொத்தக் குளோரின் பூஜ்யம் ஆனபின் நிரப்புங்கள்.

கொசு

மூடி இறுக்கமாக, காற்றுத்துளையில் நுண்வலை. ரிஜெக்ட் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு நாள் போதும்.

வேனுக்குள் ரெசின் பை

வெயிலில் நிற்கும் வேன் ரெசினை அவித்துவிடும். மீன் வாடை அடித்தால் முடிந்தது.

பித்தளை இணைப்பு

தூய நீர் பசியோடு இருக்கும். பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய இரும்பு எதையும் கரைக்கும். பிளாஸ்டிக்கும் ஸ்டெயின்லெஸ்ஸும் போதும்.

எடை

ஒரு லிட்டர் ஒரு கிலோ. வேனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச எடையிலிருந்து வெறும் வேனின் எடையைக் கழித்து, மீதியிலிருந்து ஆட்களையும் கம்பங்களையும் ஏணியையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் தொட்டியின் அளவு. தடுப்பு இல்லாத பாதித் தொட்டி முழுத் தொட்டியைவிட ஆபத்தானது; பிரேக் அடித்தால் 150 கிலோ தண்ணீர் முன்னால் பாயும். தொட்டியை வேனின் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். பட்டை கட்டினால் மட்டும் போதாது.

விடுமுறைக்கு மூடிவிட்டுப் போவது

புத்தாண்டு முடிந்ததும் இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் ஆர்ஓவை அப்படியே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். இந்த வெப்பத்தில் மெம்பிரேனுக்குள் கிருமி படிய சில நாள் போதும். காய்ந்துபோனாலும் கெட்டது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து கால் மணி நேரம் ஓடவிட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், தூய நீரில் லிட்டருக்கு 10 கிராம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைத்து, மெம்பிரேன் இருக்கும் ஹவுசிங்கை நிரப்பி, இரு முனையையும் அடைத்துவிடுங்கள். தூளைக் காற்றோட்டமான இடத்தில் கரையுங்கள். நெடி தொண்டையைப் பிடிக்கும். திரும்பி வந்ததும் ரெசினைக் கழற்றி வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஆர்ஓவின் தூய நீரையும் ரிஜெக்ட்டையும் கழிவில் விடுங்கள். கை மீட்டரில் விடுமுறைக்கு முன் எழுதிவைத்த எண் வந்த பிறகே ரெசினைப் பூட்டுங்கள்.