பள்ளக்கரை நடைபாதையை மண் அரிப்பிலிருந்து காப்பது எப்படி?

நொய்யல் ஆற்றில் சேரும் பள்ளங்களை, அதாவது சிற்றோடைகளை, ஒட்டி நடைபாதை இருக்கும் இடங்களில், மழைக்காலம் முடிந்ததும் பாதையோரம் பிளந்து நிற்பதைப் பார்க்கலாம். உடனே இரண்டு லோடு மண் கொட்டி நிரவிவிடுகிறார்கள். அடுத்த வெள்ளத்தில் அதுவும் போய்விடும். தண்ணீர் அடியைக் குடைவதால்தான் கரை சரிகிறது. அதனால் வேலையை அடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தண்ணீர் வற்றிய மாசி, பங்குனியில் பள்ளத்துக்குள் இறங்கிப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கக் கரையில்தான் குடைவு அதிகம். மேலே புல்லோடு உறுதியாகத் தெரியும் விளிம்புக்குக் கீழே மண்ணே இருக்காது, வேர்கள் அந்தரத்தில் தொங்கும். அங்கே யாரும் நடக்காதபடி முதலில் கயிறு கட்டுங்கள். இடமிருந்தால் பாதையை நாலைந்து அடி உள்ளே தள்ளிப் போடுவதுதான் நல்லது. பள்ளம் யார் பொறுப்பு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, அனுமதி வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுங்கள்.

அப்புறம் கல். கரையடியில் குழி பறித்து, படுகை மட்டத்துக்குக் கீழிருந்தே கருங்கல்லை அடுக்குங்கள். உருண்டைக் கல் வெள்ளத்தில் ஓடிவிடும். மூலையுள்ள உடைகல்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அடுக்கின் இரு முனைகளையும் கரைக்குள் திருப்பிப் புதையுங்கள், தண்ணீர் முதலில் புகப் பார்ப்பது அங்கேதான். நேராக நிற்கும் சிமெண்ட் சுவரில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளத்தை எதிர்க்கரைக்குத் திருப்பிவிடும். அங்கே இன்னொருவர் தோப்பு போகும்.

கல்லுக்கு மேலே கரையை, ஓரடி உயரத்துக்கு இரண்டடி என்று சாய்வாகச் சீவுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க் கயிற்று வலையை விரித்து மூங்கில் முளை அடியுங்கள். இரண்டு வலை சேருமிடத்தில், தண்ணீர் வரும் பக்கத்து வலை மேலே இருக்கட்டும். மாற்றிப் போட்டால் வெள்ளம் அடியில் புகுந்து தூக்கிவிடும். சில ஆண்டுகளில் வலை மக்கும், அதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும்.

கோடை மழை விழுந்ததும் நடவு. வெட்டிவேர்த் தூர்களின் இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, அரையடிக்கு ஒன்றாகச் சாய்வுக்குக் குறுக்கே வரிசையாக நடுங்கள். இதன் வேர் நேராக 2, 3 மீட்டர்கூட இறங்கும். கல்லை ஒட்டி நொச்சிப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு): பெருவிரல் கனம், இரண்டடி நீளம், முக்கால்வாசி மண்ணுக்குள். நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும் வேண்டாம், பள்ளத்தையே அடைத்துவிடும்.

பாதையில் விழும் மழைநீரும் கரையை அரிக்கும். பாதையை உட்பக்கம் லேசாகச் சாய்த்து, கல் பாவிய ஓரிடத்தில் மட்டும் தண்ணீரை இறக்குங்கள். ஐப்பசியில் முதல் வெள்ளம் வடிந்ததும் கல் முனைகளைப் போய்ப் பாருங்கள். ஒரு கல் பெயர்ந்திருக்கும்போதே திருப்பி வைத்துவிடலாம்.