விம்மில் ஆட்டோ இன்டென்ட்: எங்கே தவறு நடக்கிறது?

கோட் எழுத உதவும் எடிட்டரான விம் 8-ஐ நிறுவிய புதிதில் கோட் தானாகவே ஒழுங்காக உள்ளே தள்ளி, அதாவது இன்டென்ட் ஆகி நிற்கும். பிறகு நமக்கென்று ஒரு விம்ஆர்சி (நம் விம் அமைப்புகளை எழுதும்) கோப்பை உருவாக்குவோம். அன்றோடு அந்த ஒழுங்கு போய்விடும். சொந்த விம்ஆர்சி இல்லாதவருக்குத்தான் விம் தன்னுடைய இயல்பு அமைப்புக் கோப்பைப் படிக்கிறது. கோப்பு வகைக்கேற்ற இன்டென்டை இயக்கும் வரியும் அதில்தான் இருக்கிறது. ஆகவே ‘ஃபைல்டைப் பிளகின் இன்டென்ட் ஆன்’ என்ற வரியை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பலர் இதற்குப் பதிலாக ‘ஸ்மார்ட்இன்டென்ட்’ என்ற அமைப்பைப் போடுகிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது சி போன்ற மொழிகளை மனதில் வைத்துச் செய்தது. பைத்தானில் புது வரியில் # தட்டினால், அந்த வரி இடது ஓரத்துக்கு ஓடிவிடும்.

அடுத்தது டேப் குழப்பம். ‘டேப்ஸ்டாப்’பை (ஒரு டேப் எத்தனை இடம் அகலமாகத் தெரியும் என்ற அமைப்பை) மட்டும் 4 ஆக்கினால், கோப்பில் டேப் எழுத்து டேப்பாகவேதான் இருக்கும், உங்கள் திரையில் மட்டும் குறுகித் தெரியும். இன்னொருவர் திறந்தால் அதே கோட் 8 இடம் தள்ளி நிற்கலாம். ஸ்பேஸ்தான் வேண்டுமென்றால் ‘எக்ஸ்பாண்ட்டேப்’பும் (டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போடும்), ‘ஷிஃப்ட்விட்த்’ 4-ம் (ஒரு படி இன்டென்டின் அளவு), ‘சாஃப்ட்டேப்ஸ்டாப்’ 4-ம் (டேப் விசை தள்ளும் அளவு) வையுங்கள். டேப்ஸ்டாப் 8 ஆகவே இருக்கட்டும். பைத்தான் 3-இல் டேப்பும் ஸ்பேஸும் தாறுமாறாகக் கலந்தால் ‘டேப்எரர்’ வந்து நிரல் ஓடவே ஓடாது.

சரி, எல்லாக் கோப்புக்கும் ஸ்பேஸ் என்று வைத்துவிடலாமா? கூடாது. ‘மேக்’ கருவி படிக்கும் மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும்; ஸ்பேஸ் இருந்தால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிடும். கோ மொழிக் கோட்டை ஒழுங்குபடுத்தும் ‘கோஃபம்ட்’ கருவியும் டேப்பையே போடுகிறது. முதலில் சொன்ன வரி இருந்தால், மேக்ஃபைலைத் திறக்கும்போது விம்மே டேப்புக்கு மாறிக்கொள்ளும்.

வெளியிலிருந்து ஒட்டிய கோட் படிக்கட்டு மாதிரி சரிந்தால் ‘செட் பேஸ்ட்’ கைகொடுக்கும். ஒட்டி முடித்ததும் ‘செட் நோபேஸ்ட்’ கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோ இன்டென்டும் எக்ஸ்பாண்ட்டேப்பும் அணைந்தே கிடக்கும்.

கடைசியாக, ‘ஜிஜி=ஜி’ (கடைசி ஜி மட்டும் பெரிய எழுத்து) என்று முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் சீர்செய்யும் பழக்கம். குழுவின் கோப்பில் அப்படிச் செய்தால் கிட் டிஃபில் (கோப்பில் மாறிய வரிகளைக் காட்டும் பட்டியலில்) நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டும், உண்மையான மாற்றம் எதுவென்று பார்ப்பவருக்குப் புரியாது. அவசியமென்றால் தனி கமிட்டாக (தனி மாற்றப் பதிவாக) போடுங்கள். பைத்தான் கோப்பில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்: அங்கே ஒரு பிளாக் எங்கே முடிகிறது என்பதைச் சொல்வதே இன்டென்ட்தான். அதை எடிட்டர் ஊகித்து மாற்றினால் நிரலின் பொருளே மாறிவிடலாம்.