ஒரு கல்வெட்டை விசாரிப்பது எப்படி?

உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது, “இந்த மூலாதாரத்தை நம்பலாமா?” என்றுதான். மொத்தமாக அப்படிக் கேட்டால் விடை வராது. எதற்கு நம்பலாம் என்று கேளுங்கள். ஒரு கொப்பியோடு கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போங்கள். 1911இல் தென்னிலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது.

முதலில் யார், எப்போது, யாருக்கு என்று குறியுங்கள். சீனாவின் மிங் பேரரசர் பெயரில், 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, தளபதி செங் ஹவின் கப்பல்களில் வந்த கல் இது. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே தேய்ந்துபோன பாரசீகம்.

அடுத்து மூன்றையும் ஒப்பிடுங்கள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையின் தேனாவரை நாயனாரை, அதாவது விஷ்ணுவை. பாரசீகம் இஸ்லாத்தை. ஆனால் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே: பொன் 1000, வெள்ளி 5000 என்று போகிறது. தமிழை மட்டும் வாசித்தவர் பேரரசரை விஷ்ணு பக்தர் என்றே எழுதிவிடுவார்!

இன்னொன்று, கல் சீனாவிலேயே செதுக்கப்பட்டது. ஆகவே என்ன கொடுக்க நினைத்தார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. கொடுத்து முடித்ததற்கு அல்ல.

இங்கே சற்று நில்லுங்கள். தமிழ் இருக்கிறது, சிங்களம் இல்லை. இதை வைத்து அன்று காலியில் யார் வாழ்ந்தார்கள் என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் இப்படியான முடிவுகள் சண்டையில்தான் போய் நிற்கின்றன. கடல் வணிகத்தில் எந்த மொழிகள் செல்லுபடியாகும் என்று சீன அரசவை கருதியது என்பதைத்தான் கல் சொல்கிறது. அதுவே பெரிய செய்தி.

அப்புறம், கல் சொல்லாததைத் தேடுங்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் செங் ஹவின் படைக்கும் இலங்கை ஆட்சியாளருக்கும் மோதல் வந்தது. கல் அதற்கு முந்தியது, எனவே மௌனம். இலங்கை அரசன்தான் கொள்ளையடிக்கப் பார்த்தான் என்கின்றன மிங் ஏடுகள், அதாவது சீன அரசவைப் பதிவுகள். பரிசு கொண்டுவருவதாகச் சொல்லி ஏமாற்றி அரசனைப் பிடித்தார்கள் என்கிறது சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய. மிங் ஏடுகள் காலத்தால் கிட்டியவை, ஆனால் வென்றவர் எழுதியவை. இராஜாவலிய நூற்றாண்டுகள் பிந்தியது.

சரி, விடைத்தாளில் என்ன எழுதுவது? ஆட்சியாளர் ஒருவர் சீனர் கையில் சிக்கினார் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதை முதல் வரியாக எழுதுங்கள். யார் ஏமாற்றினார் என்பதை “மிங் ஏடுகளின்படி”, “இராஜாவலியவின்படி” என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.