டிவி படத்தில் கோடு, புள்ளி, கலர் கோளாறு: எந்த ஒயரைப் பார்ப்பது?

முதலில் ரிமோட்டில் டிவியின் மெனுவைத் திறங்கள். மெனு எழுத்துகள் பளிச்சென்று இருந்து, பின்னால் ஓடும் படம் மட்டும் கெட்டிருந்தால் பேனலுக்கு (திரைக்கு) ஒன்றும் ஆகவில்லை. பழுது ஒயரிலோ, ஒயரை மாட்டிய இடத்திலோ, செட்டாப் பாக்ஸிலோ, அதற்கு வரும் சிக்னலிலோ இருக்கிறது.

அடுத்து எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, பின்பக்க ஒயர்களை மொத்தமாகக் கழற்றுங்கள். செட்டாப் பாக்ஸை மட்டும், ஒரே ஒரு வகை ஒயரில் இணையுங்கள். படம் சரியாக வந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது படம் கெடுகிறதோ அங்கேதான் கோளாறு.

படம் கருப்பு வெள்ளையாக மட்டும் வருகிறதா? பல எல்இடி டிவிகளில் ஏவியின் (மஞ்சளில் படம், சிவப்பு வெள்ளையில் ஒலி) மஞ்சள் பின்னுக்கும், கம்போனன்டின் (பச்சை, நீலம், சிவப்பு மூன்றிலுமாகப் படம்) பச்சைப் பின்னுக்கும் ஒரே ஓட்டைதான். அதில் மஞ்சளை மாட்டிவிட்டு ரிமோட்டில் ‘கம்போனன்ட்’ தேர்ந்தெடுத்தால் கலர் வராது. நம் ஊரில் ஏவிக்குப் பயன்படும் பால் (PAL) என்ற வீடியோ முறையில் கலர் 4.43 மெகாஹெர்ட்ஸில் வெளிச்ச சிக்னலின் மேலேயே ஏறி வருகிறது. கம்போனன்ட் இன்புட் அதைப் பிரித்தெடுக்காது. அதனால் சிவப்புச் சேலை சாம்பலாகத் தெரியும். கிட்டப்போய்ப் பார்த்தால் சேலை இருக்கும் இடத்தில் பொடிப் புள்ளிகள் வலைபோல ஊரும். இன்புட்டை ‘ஏவி’க்கு மாற்றினால் போதும். அந்த ஓட்டைக்கு மஞ்சளையும் பச்சையையும் சேர்த்து மாட்ட வழி தேடாதீர்கள். டிவிடி பிளேயரில் என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க வீடியோ முறை) வைத்திருந்தாலும் சில பழைய டிவிகளில் கலர் போகும். பாலுக்கு மாற்றிப் பாருங்கள்.

கம்போனன்டில் ஆளைக் குழப்புவது இரண்டு சிவப்புப் பின்கள். ஒன்று படத்துக்கு, இன்னொன்று வலது பக்க ஒலிக்கு. இடம் மாறினால் படத்தில் சிவப்பு செத்துப்போகும், ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். நீலமும் சிவப்பும் தங்களுக்குள் மாறினால் முகங்கள் நீலம் பாரிக்கும். பச்சை கழன்றால் படமே நிற்காது, ஏனென்றால் படத்தை நிலையாக நிறுத்தும் ஒத்திசைவுத் துடிப்பு அதில்தான் போகிறது.

ஒரு முனையில் 3.5 மிமீ ஜாக், மறுமுனையில் மூன்று பின் உள்ள ஒயர் தனித் தலைவலி. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்; ஆனால் ஜாக்கின் நான்கு வளையங்களில் எதில் வீடியோ, எதில் கிரவுண்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் உருண்டு, ஸ்பீக்கர் ‘ர்ர்ர்’ என்று உறுமினால் வீடியோ ஒலிப் பின்னில் போகிறது என்று பொருள். மஞ்சள் ஓட்டையில் சிவப்பையோ வெள்ளையையோ மாட்டிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் கிரவுண்டே இடம் மாறியிருக்கலாம். பாக்ஸோடு வந்த ஒயர்தான் வேண்டும்.

அகலமான மங்கல் பட்டை திரையில் மெல்ல மேலேயோ கீழேயோ நகர்ந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. கேபிள்காரரின் கோஆக்சியல் ஒயர் ஒரு எர்த்தோடும், உங்கள் ஆம்ப்ளிஃபையர் இன்னொரு எர்த்தோடும் சேர்ந்து வளையம் போட்டிருக்கும். டிவிடி பிளேயர் படம் ஓடும்போது கோஆக்சியலைக் கழற்றிப் பாருங்கள். பட்டை மறைந்தால் உறுதி. கோஆக்சியலில் ஒரு ஐசொலேட்டர் (எர்த் வளையத்தைத் துண்டிக்கும் சிறு கருவி) போடலாம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினாலும் பெரும்பாலும் குறையும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள், ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு டிவிக்காக மஞ்சள் ஒயரை ‘டி’ கனெக்டரால் பிரித்தால், 1 வோல்ட் சிக்னல் சுமார் 0.67 வோல்ட்டாகி இரண்டிலும் படம் இருண்டுவிடும். ஏவி ஸ்ப்ளிட்டர் ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள். நீள ஓட்டத்துக்கு 75 ஓம் வீடியோ ஒயர்தான் சரி. மெலிந்த ஆடியோ ஒயரில் விளிம்புகளில் நிழல் விழும்.

எச்டிஎம்ஐ ஒயர் கெட்டால் அறிகுறி வேறு: வெள்ளைப் பொறிகள் மின்னும், படம் கருத்துக் கருத்து வரும், அல்லது ‘நோ சிக்னல்’. எச்டிஎம்ஐயில் வரும் படத்தில் நிழலோ பட்டையோ இருந்தால் புது ஒயருக்குக் காசு செலவழிக்காதீர்கள். அந்தக் கோளாறு பாக்ஸுக்கு முன்னாலேயே, சேனல் பக்கத்திலேயே கலந்துவிட்டது.